பள்ளி இசையாசிரியரின் முதுநிலை ஆய்வேடு: வகுப்பறையிலேயே செய்து முடிப்பது எப்படி

பள்ளியில் இசை கற்பித்துக்கொண்டே முதுநிலைப் பட்டம் படிக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாள்களை எழுதித் தேறிவிடுகிறார்கள், ஆய்வேட்டில்தான் திணறுகிறார்கள். இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, நாள்காட்டிதான் காரணம். ஆய்வேடு பாடத்திட்டத்தில் நான்காம் பருவத்தில், அதாவது ஜனவரிக்குப் பிறகு வருகிறது. பள்ளியில் அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று இசையாசிரியருக்குச் சொல்லத் தேவையில்லை: ஆண்டுவிழா ஒத்திகை, அதைத் தொடர்ந்து பொதுத்தேர்வு நெருக்கடி, இசைப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வகுப்பாசிரியர்கள். பிப்ரவரியில் வகுப்பறை ஆய்வு தொடங்குபவருக்குக் கையில் மாணவர்களே இருக்கமாட்டார்கள். கடைசியில் நூலகத்துப் புத்தகங்களிலிருந்து திரட்டி, 'கர்நாடக இசையின் வளர்ச்சி' என்று யாரும் படிக்காத ஒரு தொகுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்.

தினமும் 35 பிள்ளைகள் பாடுவதைக் கேட்கும் ஆசிரியருக்கு அது தேவையில்லாத நிலை. பல்கலைக்கழகத்தில் முழுநேரம் படிப்பவர் கெஞ்சினாலும் கிடைக்காத ஆய்வுக்களம் அவரிடம் இருக்கிறது. அதை ஜூன் மாதத்திலேயே பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே உள்ள கணக்கு தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டை வைத்துப் போட்டது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் பணிபுரிபவர்கள் தங்கள் தவணைகளுக்கு ஏற்ப மாதங்களை மாற்றிக்கொள்ளலாம், முறை அதேதான்.

சேருவதற்கு முன்

'இசைக்கல்வி' என்ற தனிப்பெயரில் முதுநிலைப் பட்டம் நம்மிடம் அரிது. ஆகவே வழி இரண்டு. இசையில் முதுகலை சேர்ந்து கற்பித்தல் சார்ந்த தலைப்பை எடுக்கலாம். அல்லது கல்வியியல் முதுநிலையான எம்.எட். சேர்ந்து இசையைக் களமாக எடுக்கலாம். எம்.எட். படிக்க பி.எட். வேண்டும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைகளின்படி அது இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. பணியில் இருந்துகொண்டே அதை முடிக்க விடுப்பு இல்லாமல் வழியில்லை. நேரடி முதுகலையிலும் 75 சதவீத வருகை என்ற கட்டுப்பாடு வந்து நிற்கும். தொலைநிலையில் படிப்பதானால், அந்தப் பாடத்துக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி அளித்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. எம்.ஃபில். போகலாம் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதை நடத்தக்கூடாது என்று யுஜிசி 2022இல் விதி செய்துவிட்டது.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே சேர வேண்டும். 'சேர்ந்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதி தேதிக்கு முந்தைய சேர்க்கையால், பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது வரும் சிக்கல் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வேட்டை இங்கே ஏற்கிறீர்களா, அப்படி ஏற்கெனவே வந்த ஒன்றைப் பார்க்கலாமா? ராக இலக்கணமும் வாக்கேயக்காரர் வரலாறும் மட்டுமே ஆய்வு என்று நினைக்கும் துறையில் சேர்ந்தால், பிறகு நெறியாளரோடு மல்லுக்கட்டியே ஒரு பருவம் போய்விடும்.

கேள்வியைச் சுருக்குங்கள்

நல்ல ஆய்வுக் கேள்விக்கு நான்கு எல்லைகள் வேண்டும்: எந்த வகுப்பு, எந்தத் திறன், எந்த மாற்றம், எவ்வளவு காலம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கேள்வி கையை விட்டு ஓடும்.

'மாணவர்களிடையே இசை ஆர்வத்தை வளர்த்தல்' என்பது கேள்வியே அல்ல; ஆர்வத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? 'நான்காம் வகுப்பில் திஸ்ர நடையை (மும்மூன்றாக எண்ணும் தாள நடை) கும்மிப் பாட்டு வழியாக அறிமுகம் செய்தால், சொற்கட்டு வழியாகச் செய்வதைவிடத் தாளம் விடாமல் தட்டுகிறார்களா?' என்பது கேள்வி. 'இரண்டாம் காலத்துக்கு (இருமடங்கு வேகம்) ஏறும்போது தாளம் ஓடுவதை, நடந்துகொண்டே பாடும் பயிற்சி குறைக்கிறதா?' என்பதும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்குரோஸ் உடலசைவு வழியே இசை கற்பித்த முறையோடு இதை இணைத்து எழுத இடமுண்டு.

இங்கே ஒரு கேள்வியை மட்டும் எடுத்து முழுவதும் நடத்திப் பார்ப்போம்: ஆறாம் வகுப்பில், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஸ்வரங்களை ஏற்ற இறக்கமாகப் பாடும் தொடக்கப் பாடம்) கற்பிக்கும்போது, ஸ்வரங்களுக்குக் கைச்சைகை சேர்த்தால் பிள்ளைகள் சுருதி சேர்ந்து பாடுவது கூடுகிறதா?

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைவடிவம் காட்டி, ஸ்வரம் ஏற ஏறக் கையையும் உயர்த்தும் இந்தக் கைச்சைகை முறையை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வன் பரப்பினார். பின்னர் ஹங்கேரியில் ஸோல்டான் கோடாயின் வழியைப் பின்பற்றியவர்களிடம் அது நிலைபெற்றது. நமக்கு அது பொருந்தக் காரணம் உண்டு: அங்கேயும் முதல் ஸ்வரமான 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும், நம் ஷட்ஜம் (ச) போல. ஆனால் அப்படியே எடுத்துப் போட முடியாது என்பதைக் கீழே பார்க்கலாம். அந்தப் பொருந்தாமைதான் உங்கள் ஆய்வேட்டின் சொந்தச் சரக்கு.

ஆறாம் வகுப்பை எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். ஜூலையில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடிய பையன் செப்டம்பரில் அதே கட்டையில் பாட முடியாமல் போனால், அது உங்கள் முறையின் தோல்வியா, தொண்டையின் வளர்ச்சியா என்று பிரிக்க வழியில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கீழே போனால் தனியாகப் பாடப் பயந்து வாயைத் திறக்காத பிள்ளைகள் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஐந்தும் ஆறும் பாதுகாப்பான இடம்.

நாள்காட்டி

முதலாண்டின் கடைசியிலேயே, ஏப்ரல் மாதத்தில், நெறியாளரிடம் ஒரு பக்கத் திட்டத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மே விடுமுறை முன்னாய்வுகளைப் படிக்க. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இலவசம். சென்னை மியூசிக் அகாடமியின் ஆய்விதழ்த் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. படிக்கும்போதே ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் குறிப்புகளை ஏற்றிக்கொண்டால் கடைசி மாதத்தில் நூற்பட்டியல் தானே வந்து விழும்.

ஜூன் மூன்றாம் வாரம் ஒப்புதல் படிவங்கள். ஜூன் கடைசி வாரம் முன்தேர்வு. ஜூலை முதல் ஆகஸ்ட் முடியக் கற்பித்தல். செப்டம்பர் முதல் வாரம், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே, பின்தேர்வு. காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் நடுவில் இன்னொரு முறை அதே தேர்வு. கற்றது நின்றதா என்று அப்போதுதான் தெரியும்.

ஏன் அரையாண்டுப் பகுதியில் வைக்கக்கூடாது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டங்களில் எந்த வாரம் பள்ளி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீபாவளியும் அதில்தான் வருகிறது. பாதியில் பத்து நாள் இடைவெளி விழுந்த ஆய்வைத் தேர்வாளர் முன் காப்பாற்றுவது கடினம்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒன்பது வாரம் என்றால் ஏட்டில் 18. நடைமுறையில் ஆகஸ்ட் முதல் பாதி முழுக்கச் சுதந்திர தின ஒத்திகை. அதை நடத்துவதும் நீங்களே. பண்டிகை விடுமுறைகளும் உண்டு. 12 கிடைத்தால் நல்லது. ஆகவே பாடத்திட்டத்தை 10 பாடவேளைக்கு எழுதுங்கள். 18க்கு எழுதி 12இல் நின்றால் ஆய்வு அரைகுறை; 10க்கு எழுதி 12 கிடைத்தால் இரண்டைத் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளலாம். முன்தேர்வு, பின்தேர்வுகளுக்கான பாடவேளைகள் இந்தக் கணக்கில் சேராது.

ஒப்புதல்

மூன்று தாள்கள் வேண்டும்: தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம். அரசுப் பள்ளியில் வெளியாய்வுக்கு மேலதிகாரி அனுமதி தேவைப்படுமா என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிக் குழு இருந்தால் அதன் ஒப்புதல் இவற்றுக்கெல்லாம் முன்னதாக வர வேண்டும்.

பெற்றோர் படிவம் ஒரே பக்கம், எளிய தமிழ். பிள்ளை என்ன செய்யும் (மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு நிமிடம் தனியாகப் பாடும்), குரல் மட்டும் பதிவாகும் (படம் எடுக்கமாட்டோம்), யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும், மறுத்தால் மதிப்பெண்ணோ வகுப்பில் இடமோ பாதிக்காது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோர் ஒப்புதல் அதன் அடிப்படை. கையெழுத்து வராத பிள்ளையும் வகுப்பில் எல்லாவற்றையும் கற்கும். பதிவு மட்டும் கிடையாது. படிவத்தின் பின்பக்கத்தில், பிள்ளை வெளியே இசை வகுப்புக்கோ கோயில், தேவாலயப் பாடற்குழுவுக்கோ போகிறதா என்று ஒரு கேள்வி வையுங்கள். இதைக் கேட்காமல் விட்டால், பிறகு ஒரு பிரிவு மட்டும் நன்றாகப் பாடுவதன் காரணம் தெரியாமல் விழிக்க நேரும்.

எதைப் பாடச் சொல்வது

கற்பித்ததையே தேர்வில் கேட்டால் மனப்பாடத்தை அளக்கிறீர்கள். தேர்வில் மூன்று பகுதி வையுங்கள். முதலாவது, சுருதியைப் பத்து வினாடி கேட்டுவிட்டு ஷட்ஜத்தை நான்கு வினாடி நீட்டிப் பாடுதல். இரண்டாவது, சரளி வரிசையின் முதல் வரிசை, ஆதி தாளம், முதல் காலம். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 16 வினாடி. மூன்றாவது, வகுப்பில் ஒருபோதும் பாடாத ஒரு தொடர், உதாரணமாக 'ச க ம ப, ப த ப ம, க ம க ரி, ச'. அதை அட்டையில் எழுதிக் காட்டிப் பாடச் சொல்லுங்கள், சைகை இல்லாமல். இரு பிரிவுக்கும் ஒரே அட்டை. கைச்சைகை உண்மையிலேயே காதுக்குள் ஏதாவது செய்திருந்தால் அது இந்த மூன்றாவது பகுதியில்தான் தெரியும்.

கட்டையை எல்லோருக்கும், எல்லா நாளும், ஒன்றாகவே வையுங்கள். ஐந்தரைக் கட்டை இந்த வயதுக்குச் சிரமமில்லாதது. ஷட்ஜம் சுமார் 207.7 ஹெர்ட்ஸ். பிள்ளைக்கு ஏற்ப இறக்கி ஏற்றினால் அன்புதான். ஆனால் பதிவுகளை ஒப்பிட முடியாமல் போகும்.

பதிவு

செல்பேசியே போதும். வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவில் எடுக்காதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும். செயலியில் இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது நீட்டிப் பாடும் ஸ்வரத்தையே இரைச்சல் என்று எண்ணித் தேய்த்துவிடும். செல்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மணி அடிக்கும் நேரத்தைத் தவிருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் சுருதிப் பெட்டி. அது பக்கத்தில் ஒலித்தால் பதிவில் இரண்டு ஒலி விழும். மென்பொருள் குரலை விட்டுவிட்டுச் சுருதியை அளக்கும், பிள்ளை அற்புதமாகச் சுருதி சேர்ந்ததாகக் காட்டும். சுருதியே இல்லாமல் பாடச் சொன்னாலோ அது வேறு திறனாகிவிடும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, அதன் வழியே சுருதி கொடுங்கள். மறு காது தன் குரலைக் கேட்கத் திறந்திருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பிறகு இயர்போனைத் துடைத்துக் கொடுக்க மறக்க வேண்டாம்.

ஒரு பிள்ளைக்கு ஆயத்தம் சேர்த்து ஒன்றரை நிமிடம். 35 பேருக்கு 52 நிமிடம் போல ஆகும். 40 நிமிடப் பாடவேளை என்றால் இரண்டு வேண்டும். மீதிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்து, பதிவை வராந்தா கோடியிலோ நூலக அறையிலோ வையுங்கள். முன்னால் பாடியவரைக் கேட்டுப் பின்னால் வருபவர் பாடுவது கூடாது.

இரண்டு பிரிவு, ஒரே ஆசிரியர்

அ பிரிவுக்குக் கைச்சைகை, ஆ பிரிவுக்கு வழக்கமான முறை: நீங்கள் பாட, அவர்கள் திருப்பிப் பாடுவது. எந்தப் பிரிவுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நன்றாகப் பாடும் பிரிவுக்குப் புது முறையைக் கொடுக்க மனம் தன்னையறியாமல் சாயும். பாடும் நேரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சைகை கற்பிக்கவே நேரம் செல்லும் என்பதால் அ பிரிவு குறைவாகப் பாடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு பாடவேளையிலும் உண்மையில் பாடிய நிமிடங்களை இரு பிரிவுக்கும் குறித்து வையுங்கள். 20 நிமிடம் என்று இலக்கு வைத்தால் பத்துப் பாடவேளைக்கு 200 நிமிடம். அவ்வளவில் பெரிய அதிசயம் நிகழாது. சிறு வேறுபாடு தெரிந்தாலே ஆய்வேட்டுக்குப் போதும்.

இனி, முன்பு சொன்ன பொருந்தாமை. கோடாய் வழியினர் மேலிருந்து கீழிறங்கும் 'ஸோ–மி'யில் (நம் ப–க) தொடங்குவார்கள். நமக்குத் தம்புராவில் ஷட்ஜமும் பஞ்சமமும் இடைவிடாமல் ஒலிப்பதால் ச, ப, மேல் ச மூன்றில் தொடங்குவதே இயல்பு. முதல் இரண்டு பாடவேளை இந்த மூன்று மட்டும். அடுத்து ம, க. அதன் பிறகு நி. ரியும் தவும் கடைசி.

ரியைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம், மாயாமாளவகௌளையில் ச–ரி அரை ஸ்வர இடைவெளி, ரி–க மூன்று அரை ஸ்வரம். கர்வன் சைகைகளோ மேற்கத்திய மேஜர் ஸ்வர வரிசையை, அதாவது நம் சங்கராபரண ராகத்தின் அமைப்பை, மனதில் வைத்தவை. அதில் இவை இரண்டும் சமமான முழு ஸ்வர இடைவெளிகள். கையைச் சம அளவில் உயர்த்திக்கொண்டே போனால் கண் சொல்வதும் காது சொல்வதும் முரண்படும். பிள்ளைகள் ரியை மேலே தூக்கிப் பாடுவார்கள். கரும்பலகையில் உயரக் கோடுகள் போட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பிலிருந்து கண் மட்டம் வரை ஏறக்குறைய அரை மீட்டர். அரை ஸ்வரத்துக்கு 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் ச தொடக்கக் கோடு, ரி 4, க 16, ம 20, ப 28, த 32, நி 44, மேல் ச 48 சென்டிமீட்டரில் வரும். ரியும் தவும் தங்கள் கீழ் ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

அடுத்த சிக்கல் கை. நம் பிள்ளைக்குக் கை என்றால் தாளம். அந்தக் கையைச் சைகைக்கு எடுத்தால் தாளம் போகும். இரண்டையும் இரு கையில் கேட்டால் இரண்டும் கெடும். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி தாளம் போட, மறுபாதி சைகையோடு பாடி, பின் மாற்றிக்கொள்வது நடைமுறையில் சரிவரும். அப்போது ஆ பிரிவிலும் அதே போலப் பாதிப் பாதியாகப் பாட வைக்க வேண்டும். இல்லையென்றால் 'மற்றவர் பாடுவதைக் கேட்டதால் வந்த முன்னேற்றம்' என்ற எதிர்வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்காது.

பிள்ளைகள் உங்கள் கையைப் பார்த்து ஒரு நொடி பின்னால் பாடுகிறார்களா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அவர்கள் உங்களைப் பின்பற்றுகிறார்கள், ஸ்வரத்தைத் தங்களுக்குள் கேட்கவில்லை. நான்காம் பாடவேளை முதல் நீங்கள் வாய் திறக்காமல் கையை மட்டும் காட்டுங்கள்.

ஒவ்வொரு வகுப்பும் முடிந்த அன்றே நாட்குறிப்பில் ஐந்து வரி எழுதுங்கள்: வந்தவர் எண்ணிக்கை, பாடிய நிமிடம், திட்டத்திலிருந்து விலகியது எது, கண்ணில் பட்டது எது. ஒரு வாரம் கழித்து எழுதினால் நினைவு தனக்குச் சாதகமாக எழுதும்.

மதிப்பிடுதல்

நீங்கள் மதிப்பெண் போடக்கூடாது. யார் எந்தப் பிரிவு, எது முன், எது பின் என்று உங்களுக்குத் தெரியும். வேறு இரண்டு இசையாசிரியர்களைக் கேளுங்கள். கோப்புகளுக்குக் குலுக்கலில் வந்த மூன்றிலக்க எண்களை மட்டும் கொடுத்து, முன்தேர்வு, பின்தேர்வு, அக்டோபர் தேர்வு எல்லாவற்றையும் கலந்து அனுப்புங்கள். எண்–பெயர் பட்டியல் உங்கள் பெட்டியில் பூட்டியிருக்கட்டும்.

நான்கு நிலை அளவுகோல் போதும். 3: ஷட்ஜத்தைத் தானாகப் பிடித்து எல்லா ஸ்வரமும் சேர்கிறது. 2: ஓரிரு ஸ்வரம் விலகினாலும் ஷட்ஜத்துக்குத் திரும்பும்போது சேர்ந்துவிடுகிறது. 1: ஏற்ற இறக்கம் சரி, ஆனால் ஷட்ஜம் நழுவிவிட்டது. 0: பேச்சுக்குரல் போலவே இருக்கிறது, ஏற்ற இறக்கமும் இல்லை. பத்து நிலை வைத்தால் நுட்பமாகத் தோன்றும். ஆனால் ஒரே பதிவுக்கு ஒருவர் 6, இன்னொருவர் 8 போடுவார்கள். தொடங்கும் முன் இந்த ஆய்வில் சேராத பத்துப் பதிவுகளை இருவரும் சேர்ந்து கேட்டு, ஏன் 1, ஏன் 2 என்று பேசி ஒத்துப்போகட்டும்.

70 பிள்ளைகள், மூன்று முறை என்றால் 210 பதிவு. ஒன்றுக்கு 45 வினாடி வைத்தாலும் நிறுத்தாமல் கேட்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காது களைத்தால் மதிப்பெண் தாராளமாகும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். இருவருக்கும் உள்ள ஒத்திசைவை எடையிட்ட கப்பா என்ற அளவால் காட்டலாம், 0.61க்கு மேல் இருந்தால் கணிசமான ஒத்திசைவு என்பது 1977இல் லாண்டிஸ், காக் இருவரும் கொடுத்த வகைப்பாடு, தேர்வாளர்கள் பொதுவாக ஏற்பது. அதற்குக் கீழே போனால் அளவுகோலைத் திருத்தி மறுபடி மதிப்பிடச் சொல்ல வேண்டும்; எண்ணை மறைக்கக்கூடாது.

காதோடு நிற்காமல் அலைவெண்ணையும் அளக்க விரும்பினால் பிராட் என்ற இலவச மென்பொருள் உதவும். சுருதி எல்லையை 150 முதல் 600 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். விரித்து வைத்தால் அது ஒரு ஸ்தாயி தாவித் தப்பாகக் காட்டும். ஸ்வரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் விட்டு நடுவில் அசையாத பகுதியை மட்டும் எடுங்கள். விலகலைச் சென்ட் அளவில் கணக்கிடுங்கள்: அரை ஸ்வரம் 100 சென்ட், பாடிய அலைவெண்ணை எதிர்பார்த்த அலைவெண்ணால் வகுத்து, வரும் எண்ணுக்கு 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையை (log₂) எடுத்து, 1200ஆல் பெருக்க வேண்டும். ஷட்ஜம் 207.7 என்றால் பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 311.5. பிள்ளை 305இல் பாடினால் சுமார் 36 சென்ட் குறைவு.

காந்தாரத்தில் ஒரு தகராறு வரும். இயல்பான காந்தாரம் (க) ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட். ஹார்மோனியமும் கீபோர்டும் கொடுப்பது 400. கருவியை வைத்துக் கற்பித்திருந்தால் பிள்ளை கருவியின் காந்தாரத்தைத்தான் பாடும், அது பிழையல்ல. ஆகவே 50 சென்டுக்குள் வந்தால் சேர்ந்தது என்று எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்துவது ஏமாற்று.

கணக்கு

70 பேரில் மூன்று பதிவும் முழுமையாகக் கிடைப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். விடுபட்டவர்கள் எத்தனை, ஏன் என்று எழுதுங்கள். பத்தில் எட்டுப் பாடவேளைக்கும் குறைவாக வந்தவர்களைத் தனியே காட்டுங்கள்.

நிலை மதிப்பெண்களுக்குச் சராசரி எடுப்பதைவிட இடைநிலை அளவு பொருத்தம். ஒரே பிரிவின் முன்–பின் ஒப்பீட்டுக்கு வில்காக்ஸன் சோதனை, இரு பிரிவுகளின் முன்னேற்றத்தை ஒப்பிட மான்–விட்னி சோதனை. ஜமோவி என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்யும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. முதலாவது, சென்ட் விலகல்களைக் குறியோடு சராசரி எடுப்பது: ஒரு ஸ்வரத்தில் 40 கூட, இன்னொன்றில் 40 குறைவு என்றால் சராசரி பூஜ்யம் வந்து, அபசுரமாகப் பாடிய பிள்ளை கச்சிதமாகப் பாடியதாகக் காட்டும். குறியை நீக்கிவிட்டு எடுங்கள். மேலா, கீழா என்பதைத் தனி அட்டவணையில் காட்டலாம். இரண்டாவது, மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த பத்துப் பேரை மட்டும் பிரித்து 'எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள்' என்று காட்டுவது. முதல்முறை பயத்தில் சறுக்கியவர்கள் அடுத்த முறை எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஏறுவார்கள். மூன்றாவது, அ பிரிவின் முன்னேற்றத்தை மட்டும் எழுதி, ஆ பிரிவும் முன்னேறியதை ஒரு வரியில் கடப்பது. உங்கள் கேள்விக்கான விடை இரண்டின் வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேறுபாடு இல்லை என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். நாட்குறிப்பு அப்போதுதான் கைகொடுக்கும்: எந்த ஸ்வரத்தில் முன்னேற்றம், எதில் இல்லை, தாளமும் சைகையும் எங்கே மோதின. ரியில் மட்டும் மாற்றம் தெரிந்தால் அது பொத்தாம்பொதுவான வெற்றியைவிடப் பயனுள்ள முடிவு. இரண்டே பிரிவு, ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர் என்பதால் 'தமிழகப் பள்ளிகளில்' என்று முடிவுரையில் விரித்து எழுத உங்களுக்கு உரிமையில்லை.

எழுத்தும் வாய்மொழித் தேர்வும்

ஆய்வு முறை இயலை ஜூலை, ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். அன்றாடம் செய்வதை அன்றாடம் எழுதுவதால் அது எளிது. முன்னாய்வு இயல் மே மாதக் குறிப்புகளிலிருந்து வந்துவிடும். ஆக, ஜனவரியில் மீதியிருப்பது முடிவுகளும் விவாதமும் மட்டுமே. ஆண்டுவிழா ஒத்திகைக்கு நடுவிலும் அவற்றை முடிக்கலாம்.

முழுவதையும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்ததைக் கடைசி வாரத்தில் மாற்றினால் கொம்புகளும் கால்களும் இடம் மாறி, திருத்துவதற்கு உட்கார வேண்டியிருக்கும். ஸ்வரக் குறிப்புகளில் ஸ்தாயிப் புள்ளிகள் தமிழ் எழுத்தின் மேல் நிலையாக நிற்காது. ஒவ்வொரு அட்சரத்தையும் அட்டவணையின் தனிக் கட்டத்தில் இட்டு, சரிபார்த்து, படமாகச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு. ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்ப்பது) யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை சிக்கலில்லை; அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். முன்னாய்வு இயலில்தான் இது ஏறும். மற்றவர் வரிகளை அடுக்காமல், அவர்கள் கண்டதை உங்கள் கேள்வியோடு சேர்த்துச் சொந்தமாக எழுதினால் ஏறாது.

வாய்மொழித் தேர்வில் மூன்று கேள்விகள் ஏறக்குறைய நிச்சயம். நம் குருமுறையில் இல்லாத சைகை எதற்கு? நீங்களே இரு பிரிவுக்கும் கற்பித்ததால் சார்பு வராதா? அளந்தது சுருதி ஞானத்தையா, தைரியத்தையா? முதல் கேள்விக்கு, 35 பேர் ஒரே நேரத்தில் கற்கும் வகுப்பறை குருகுலம் அல்ல, அதன் தேவைகள் வேறு என்று நேராகச் சொல்லுங்கள். இரண்டாவதற்குப் பெயர் மறைத்த மதிப்பீடும் பாடிய நிமிடங்களின் பதிவேடும் விடை. மூன்றாவது நியாயமான கேள்வி. மூன்று பகுதிகளிலும் ஒரே பிள்ளையின் நிலை எப்படி மாறியது என்ற அட்டவணையைத் திறந்து காட்டுங்கள். ஷட்ஜத்தில் தயங்காத பிள்ளை புதுத் தொடரில் தடுமாறினால் அது தைரியக் குறைவு அல்ல.

அக்டோபர்த் தேர்வு முடிந்த மறுவாரமே ஆ பிரிவுக்கும் சைகையைக் கற்பியுங்கள். பெற்றோரிடம் அப்படிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பட்டம் கைக்கு வந்ததும் பதிவுகளைப் படிவத்தில் சொன்ன தேதிக்குள் அழித்துவிட்டு, அழித்த நாளைக் குறித்துத் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். முன் அனுமதி ஆணையின் நகலையும் பட்டச் சான்றிதழையும் சேர்த்து, பணிப்பதிவேட்டில் பதியக் கோரும் விண்ணப்பத்தை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.